இணையவழியில் புகைப்படக்கலையின் அடிப்படைகளைக் கற்பது எப்படி?

புகைப்படக்கலையைத் தொடக்கத்திலிருந்து முறையாகக் கற்பதற்குத் தேவையான அனைத்தும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் பல மாதங்கள் காணொளிகளைப் பார்த்த பிறகும் கேமராவைத் தானியங்கி முறையிலிருந்து மாற்றத் தயங்குவோர் ஏராளம். ஒரு பாடம் முடிந்ததும் அடுத்த பாடம் தானாகவே ஓடத் தொடங்கிவிடுவதும், முந்தைய பாடத்தைக் கையில் கேமராவோடு செய்துபார்க்க இடைவெளியே இல்லாமல் போவதும்தான் இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஆகவே முதலில் ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாடத்தைப் பார்த்தால், அது சொல்லும் ஒரே ஒரு கருத்தை வைத்துப் படங்கள் எடுத்து, அவற்றைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்த பிறகே அடுத்த பாடத்தைத் திறக்க வேண்டும். இந்த வேகத்தில் போனால் கற்பது மெதுவாக நடப்பதாகத் தோன்றும். ஆனால் கற்றது கையை விட்டுப் போகாது.

எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது?

நல்ல அடிப்படைப் பாடத்தை அடையாளம் காண்பது கடினமன்று. அது ஒளியைப் பற்றிப் பேசும், பயிற்சி கொடுக்கும், சரியாக வந்த படத்தோடு சரியாக வராத படத்தையும் காட்டி இரண்டின் அமைப்புகளையும் சொல்லும். எந்தக் கேமராவை வாங்கலாம் என்பதிலேயே பாதி நேரத்தைக் கழிக்கும் காணொளியைத் தயங்காமல் மூடிவிடலாம். உங்கள் கேமராவில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை அறிய, தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் கையேடே போதுமானது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் கோர்செரா என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் வழங்கும் தொடர், கைபேசியில் தொடங்கி பெரிய கேமரா வரை படிப்படியாகக் கொண்டுசெல்கிறது. பயிற்சிகளோடு கற்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம். ‘ஏன்’ என்ற கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவர்களுக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மார்க் லெவாய் 2016-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தில் நடத்திய 18 விரிவுரைகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவற்றில் கணிதம் சற்று வரும், ஆனால் லென்ஸும், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரும் எப்படி வேலை செய்கின்றன என்பது ஐயமறப் புரியும். படித்துக் கற்கும் பழக்கமுடையோருக்கு ‘கேம்பிரிட்ஜ் இன் கலர்’ தளத்தின் விளக்கப்படங்கள் உதவும். இவற்றில் ஒன்றை மட்டுமே முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு, புரியாத இடம் வரும்போது மட்டும் மற்றவற்றைப் புரட்டிப் பார்ப்பதே நல்லது.

அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ

எந்தப் பாடமும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்கும். பெரும்பாலோர் தடுமாறுவதும் இங்கேதான். ஷட்டர் வேகம் என்பது சென்சார் மீது ஒளி விழும் நேரம். ஐஎஸ்ஓ என்பது பிடித்த ஒளியைப் படத்தில் எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்பதற்கான எண். அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவு. எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது என்பது பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. அந்த எண் துளையின் அளவு அன்று, ஒரு வகுத்தல் கணக்கின் விடை என்று தெரிந்துகொண்டால் குழப்பம் நீங்கிவிடும். லென்ஸின் மீது மி.மீ.-இல் குறித்திருக்கும் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ.; எஃப்/4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும் என்பதால், எஃப்/2-இலிருந்து எஃப்/4-க்குப் போகும்போது ஒளி கால்பங்காகிறது. ஒளி சரிபாதியாக வேண்டுமென்றால் எண் ஏறத்தாழ 1.4 மடங்கு கூட வேண்டும். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசை இப்படித்தான் வருகிறது. ஒளி பாதியாவதையோ இரு மடங்காவதையோ ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். ஷட்டர் வேகத்தில் 1/60 நொடியிலிருந்து 1/125 நொடிக்குப் போவதும், ஐஎஸ்ஓவில் 400-இலிருந்து 800-க்குப் போவதும் அதேபோல் ஒவ்வொரு ஸ்டாப்தான். மூன்றும் ஒரே அலகில் பேசுகின்றன என்பது பிடிபட்டுவிட்டால், மற்றதெல்லாம் எளிய கூட்டல் கழித்தலே.

இதைக் கையால் செய்துபார்க்க ஒரு ஜன்னலும் ஒரு மேசையும் போதும். பக்கவாட்டில் ஒளி விழும்படி மேசை மீது ஒரு கோப்பையை வையுங்கள். அதற்கு ஒரு முழம் பின்னால், முதுகு எழுத்துகள் தெரியும்படி ஒரு புத்தகத்தை நிறுத்துங்கள். கேமராவை ட்ரைபாடிலோ புத்தக அடுக்கின் மீதோ அசையாமல் வைத்து, இரண்டு நொடி டைமரைப் போட்டுவிட்டு, கோப்பையின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். கையியக்க முறையில் ஐஎஸ்ஓவை 400-இல் நிறுத்திக்கொண்டு எஃப்/5.6, 1/30 நொடி என்று ஒரு படம் எடுங்கள். வெளிச்சம் போதவில்லை என்றாலும் மிகுந்துவிட்டாலும் ஷட்டர் வேகத்தை மாற்றிச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, அதையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். அடுத்த படத்துக்கு எஃப்/8, 1/15 நொடி. அதற்கடுத்து எஃப்/11, 1/8 நொடி. தொடக்க வேகத்தை மாற்றியிருந்தால், இதேபோல் ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தை இரு மடங்காக்குங்கள். மூன்று படங்களும் ஒரே வெளிச்சத்தில்தான் இருக்கும். ஆனால் புத்தக முதுகின் எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், முதல் படத்தில் கரைந்து கிடந்தவை மூன்றாவதில் படிக்கும் அளவுக்குத் தெளிந்து வருவதைக் காணலாம். இப்போது ட்ரைபாடிலிருந்து கேமராவைக் கையில் எடுத்து மூன்றாவது படத்தை மீண்டும் எடுங்கள். துளையைச் சுருக்கிப் பெற்ற தெளிவு கை அசைவில் தொலைந்துவிடும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் காணொளியில் கேட்பதைவிட இப்படிப் பார்ப்பது ஆழமாகப் பதியும்.

கையில் பிடித்து எடுக்கும்போது, குவியத் தூரத்தின் எண்ணைக் கீழே போட்டு வரும் பின்னத்தைவிட ஷட்டர் வேகம் குறையக்கூடாது என்பது பழைய, இன்றும் பயன்படும் கணக்கு: 50 மி.மீ. என்றால் 1/50 நொடி, 200 மி.மீ. என்றால் 1/200 நொடி. சென்சார் சிறியதாக இருந்தால் இன்னும் சற்று வேகம் தேவை. அதிர்வுத் தடுப்பு உள்ள லென்ஸில் இதைவிடக் குறைந்த வேகத்திலும் எடுக்கலாம். ஆனால் அது கை அசைவைத்தான் தாங்கும், எதிரே ஓடும் குழந்தையின் அசைவை அன்று.

ஐஎஸ்ஓவைப் பற்றி இணையத்தில் உலவும் ஒரு தவறான விளக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சார் கூடுதல் ஒளியைப் பிடிக்கிறது என்கிறார்கள், அது உண்மையன்று. உள்ளே வரும் ஒளியைத் தீர்மானிப்பவை அபெர்ச்சரும் ஷட்டரும் மட்டுமே. ஐஎஸ்ஓ, பிடித்த ஒளியிலிருந்து கிடைக்கும் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுகிறது. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பெரும்பாலும் ஒளி குறைவாகக் கிடைத்ததன் விளைவு. ஆகவே அசைவால் மங்கிய படத்தைவிட இரைச்சலுள்ள படமே மேல்; ஐஎஸ்ஓவை உயர்த்த அஞ்ச வேண்டாம்.

கைபேசியில் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கைபேசிகளில் துளையின் அளவு மாறாது. புரோ முறையில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மட்டுமே மாற்றலாம். மேசைப் பயிற்சியில் அபெர்ச்சர் பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யலாம்.

கேமராவின் ஒளிமானி சொல்வதை எப்போது மறுப்பது?

ஒரு வெள்ளைத் தாளைச் சட்டகம் முழுதும் நிரப்பித் தானியங்கி முறையில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒரு கறுப்புத் துணியை அதேபோல் எடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டுதான் ஒளிமானி அளக்கிறது. தாள் வெள்ளை என்பது அதற்குத் தெரியாது. ஒளியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை வெள்ளைக்கு +1 முதல் +2 வரையிலும், கறுப்புக்கு அதே அளவு எதிர்மறையிலும் மாற்றி மீண்டும் எடுத்தால் நிறங்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு படத்துக்கும், இருளும் வெளிச்சமும் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து, மேடு நடுவிலிருந்து வலமும் இடமும் நகர்வதைப் பாருங்கள். பனிப்பரப்பு ஏன் அழுக்காகத் தெரிகிறது, இருண்ட மேடையில் நிற்கும் பாடகரின் முகம் ஏன் வெளுத்துப்போகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு பயிற்சியே விடை.

ஒளியைப் பார்க்கவும் படங்களைப் பார்க்கவும் பழகுதல்

எண்கள் கைவந்ததும் ஒருவரை ஜன்னலருகே உட்காரச் சொல்லுங்கள். அறையின் விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் பகலொளி ஏறத்தாழ 5,500 கெல்வின், பழைய குமிழ் விளக்கின் ஒளி 3,000 கெல்வினுக்கும் குறைவு என்பதால், இரண்டும் முகத்தில் கலந்தால் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட உதவும் எந்த வெண் சமநிலை அமைப்பும் முழுமையாகச் சரிசெய்யாது. பிறகு அவரை ஜன்னலை நோக்கியும், பக்கவாட்டிலும், முதுகு காட்டியும் உட்காரவைத்து எடுங்கள். ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக ஒளி குறைவதோடு, முகத்தில் விழும் நிழலின் விளிம்பு கடினமாவதையும் கவனியுங்கள். ஒளி வரும் பரப்பு முகத்துக்குப் பெரிதாகத் தெரியும்வரை நிழல் மென்மையாக இருக்கும்.

பிறர் எடுத்த படங்களைப் படிப்பதற்கு இணையத்தைப் போன்ற வாய்ப்பு முன்பு எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், 1935 முதல் 1944 வரை அரசுக்காக எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அடங்கிய தொகுப்பைத் தன் தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. அதில் டோரதியா லாங் 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். உலகறிந்தது ஒரே ஒரு படம்; ஆனால் அதனோடு எடுக்கப்பட்ட மற்றவையும் அங்கே உள்ளன. தொலைவிலிருந்து எடுத்தவற்றில் கூடாரம் முழுதும் தெரிகிறது. புகழ்பெற்ற படத்தில் கூடாரம் ஏறத்தாழ மறைந்துபோய், பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்திருக்க, தாயின் முகமும் கன்னத்தைத் தொடும் கையும் மட்டுமே கண்ணில் நிற்கின்றன. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்பதே சட்டகத்தை உருவாக்குகிறது என்பதை இந்த வரிசையைப் போல் கற்றுத்தரும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இக்காலப் படங்களில் எக்ஸிஃப் தகவல் (படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும் கேமரா அமைப்புகள்) கிடைத்தால், எந்த எண்ணில் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். ஆனால் அந்த எண்களை அப்படியே உங்கள் கேமராவில் வைப்பதால் பயனில்லை; அந்த ஒளி உங்களிடம் இல்லை. முதலில் படத்தைப் பார்த்து ஷட்டர் வேகத்தையும் குவியத் தூரத்தையும் ஊகித்து, பிறகு எக்ஸிஃபைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கண் விரைவாகப் பழகும்.

திருத்தும் மென்பொருளுக்கு அவசரம் வேண்டாம். தேவைப்படும்போது டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒளியளவு, வெண் சமநிலை, வெட்டுதல் என்ற மூன்றோடு தொடங்கினால் போதும். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும்; சென்சார் தந்ததை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 உண்டு. எனவே பிறகு திருத்தக் கருதும் படங்களை ராவாக எடுத்து வையுங்கள்.

பிறரிடம் கருத்துக் கேட்கும்போது ‘படம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் பாராட்டுதான் வரும். ‘முதலில் உங்கள் கண் எங்கே போனது?’ என்று கேளுங்கள்; நீங்கள் எண்ணிய இடத்துக்குப் போகவில்லை என்றால் ஏன் என்பதை அங்கிருந்து ஆராயலாம்.

புதிய லென்ஸ் வாங்கும் ஆசை இதற்கிடையில் நிச்சயம் எழும். அப்போது இதுவரை எடுத்தவற்றில் உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் தனியாகப் பிரித்து, எக்ஸிஃபில் உள்ள குவியத் தூரத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். 18–55 மி.மீ. லென்ஸில் பெரும்பாலானவை 55-இல் குவிந்திருந்தால், உங்களுக்கு இன்னும் நெருங்கிக் காட்டும் லென்ஸ் தேவைப்படுகிறது. 18-இல் குவிந்திருந்தால் அகன்ற லென்ஸ். குவியத் தூரத்தில் எந்தப் போக்கும் தெரியாமல், ஐஎஸ்ஓ மட்டும் எங்கும் 3,200-ஐத் தாண்டி நின்றால், நீங்கள் தேட வேண்டியது எஃப்/1.8 துளையுள்ள, விலை குறைந்த நிலையான குவியத் தூர லென்ஸ். இந்த மூன்றில் எதுவும் தெரியவில்லை என்றால், இப்போது கையில் இருக்கும் லென்ஸோடு அடுத்த பாடத்துக்குப் போகலாம்.