பூங்காவில் டிஸ்க் கால்ஃப்: முதல் ஆட்டத்திற்கு ஒரு வழிகாட்டி

டிஸ்க் கால்ஃப் என்பது தட்டை எறிந்து, இயன்றவரை குறைந்த எறிதல்களில் கூடைக்குள் சேர்க்கும் ஆட்டம். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தைப் பெற்ற இந்த ஆட்டத்தை, புதியவர்கள் ஒன்பது கூடைகள் கொண்ட சிறு களத்தில் தொடங்குவதே நல்லது. கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கென்றே செய்யப்பட்ட, மெதுவாகப் பறக்கும் தட்டு ஒன்றே போதும்.

தட்டைச் சாயாமல் பிடித்து, நெஞ்சையொட்டி நேர்கோட்டில் இழுத்து, இடுப்பின் சுழற்சியோடு விடுவிக்க வேண்டும். கைபலத்தைவிட இந்த ஒழுங்கே தட்டை நேராகக் கொண்டுசெல்லும் என்பதால், தொடக்கத்தில் பாதி விசையுடன் எறிவதையே நான் வலியுறுத்துவேன். தட்டு நின்ற இடத்திலிருந்தே அடுத்த எறிதல். கூடைக்கு மிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்தால், உடல் நிலைகொள்ளும்வரை முன்னே அடிவைக்கக் கூடாது.

பூங்கா எல்லோருக்கும் பொதுவானது. எறிதூரத்துக்குள் நடப்போரோ குழந்தைகளோ இருந்தால், அவர்கள் கடக்கும்வரை கட்டாயம் காத்திருங்கள்.