ஓவியர் போன பிறகு அவருடைய காகிதங்களை என்ன செய்வது?

ஓர் ஓவியர் காலமானதும் அவருடைய ஓவியங்களைத் தேடி ஆள் வந்துவிடும். கேலரிக்காரர் வருவார், சேகரிப்பாளர் வருவார், "எனக்கு ஒண்ணு தர்றதா சொல்லியிருந்தாரு" என்று தூரத்து உறவினர் ஒருவரும் வருவார். காகிதங்களைத் தேடி வருவது பழைய பேப்பர் கடைக்காரர் மட்டும்தான். கடிதம், டைரி, ரசீது, கண்காட்சி அழைப்பிதழ், பாதி கிறுக்கிய நோட்டு எல்லாம் காரியம் முடிந்து வீட்டை ஒழிக்கும்போது எடைக்குப் போய்விடும். அந்த ஒழிப்புக்கு முன்னால் படிக்க வேண்டிய குறிப்பு இது. ஓவியரின் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் எழுதுகிறேன், ஓவியரே இருக்கும்போது படித்தால் இன்னும் நல்லது.

முதல் வேலை, எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருப்பது. நல்ல எண்ணத்தில்தான் செய்வோம், கடிதங்கள் ஒரு பக்கம், போட்டோக்கள் ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்குவோம், ஆனால் எது எதோடு இருந்தது என்கிற விவரம் அந்த ஒரே மதியத்தில் தொலைந்துவிடும், அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு பழைய கவருக்குள் ஒரு கடிதமும் ஒரு சின்னக் கோட்டுப்படமும் இரண்டு போட்டோவும் சேர்ந்து கிடந்தால் அவர் ஏதோ காரணத்தோடுதான் சேர்த்து வைத்திருக்கிறார். காப்பகத்தில் வேலை செய்பவர்கள் மூல ஒழுங்கு என்று சொல்வது இதைத்தான். எனவே போனை எடுங்கள். வாசலில் நின்று அறை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம், அப்புறம் ஒவ்வொரு அலமாரி, ஒவ்வொரு தட்டு, திறந்த இழுப்பறை. பெட்டிக்கு மாற்றும்போது "மேற்குச் சுவர் பீரோ, இரண்டாம் தட்டு, இடது ஓரம்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போடுங்கள். ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் லண்டன் ஸ்டுடியோவை 1998இல் டப்ளினின் ஹியூ லேன் கேலரிக்குக் கொடுத்தபோது, அவர்கள் தொல்லியலாளர்களை அழைத்து எது எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டு, தூசி உட்பட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டுபோய் 2001இல் அதே அலங்கோலத்தோடு திறந்து வைத்தார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை, ஆனால் போனில் நாற்பது ஐம்பது படம் எடுக்க யாருக்கும் முடியும்.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பது அடுத்த கேள்வி. இப்போதைக்கு எதையும் எறியாதீர்கள். ஒரு பிரேம் கடை ரசீதை எடுத்துக்கொள்வோம். மங்கிப்போன கார்பன் எழுத்து, 30 x 40 அங்குலம், தேக்குச் சட்டம், ஒரு தேதி, அட்வான்ஸ் இருபது ரூபாய். பின்பக்கம் பென்சிலில் பால் கணக்கு, அதற்குக் கீழே "நீலம் தூக்கல், ஓக்கர் சேர்க்கணும்" என்று ஒரு வரி. வீட்டாருக்கு இது குப்பை. ஆனால் தேதி போடாத ஓர் ஓவியம் எப்போது முடிந்திருக்க வேண்டும் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது, பத்து வருடம் கழித்து அதே தலைப்பில் வேறு அளவில் ஒரு போலி ஏலத்துக்கு வந்தால் இந்த ரசீதுதான் பேசும். ஓவியரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த பாராட்டுக் கட்டுரையை நூலகத்தில் எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம், இந்த ரசீதுக்கு இரண்டாவது பிரதியே கிடையாது.

சென்னை ஓவியர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேன்வாஸை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் 1960களின் தலைமுறையில் குறைவு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமமே மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் வேரூன்றியதுதான். பலர் நெசவாளர் சேவை மையத்தில் துணி டிசைன் வரைந்தார்கள், ஆதிமூலம் போன்றவர்கள் சிற்றிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் கோட்டோவியம் வரைந்தார்கள். அச்சகத்துக்குப் போன மூலப்படம் எல்லா நேரமும் வீடு திரும்பியதில்லை. அதனால் டிசைன் தாள், வாடிக்கையாளர் பட்டியல், அட்டைப்பட ப்ரூஃப், எதையும் "இது கலை இல்லையே" என்று ஒதுக்காதீர்கள். கலைக்கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர் என்றால் அலுவலக உத்தரவுகளும் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாள்களும் அந்தக் கட்டிலேயே இருக்கட்டும்.

காகிதத்தைவிட அவசரம் மனிதர்கள். காகிதம் இன்னும் பத்து வருடம் தாங்கும், எண்பத்து மூன்று வயது பெரியம்மாவின் ஞாபகம் தாங்காது. ஐந்து பேர் நிற்கிற கறுப்பு வெள்ளைப் படத்தை அவர் கையில் கொடுத்து, "இது யாரு? எங்க எடுத்தது? பின்னால தெரியுற படம் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது படத்தின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஒலிப்பதிவைக் கேட்பவருக்கு எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றே தெரியாது. நண்பர்கள், மாடலாக உட்கார்ந்தவர்கள், பிரேம் கடைக்காரரின் மகன் வரைக்கும் போய்க் கேட்கலாம்.

எண் போடுவது எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். பெட்டிக்கு ஓர் எண், அதற்குள் கோப்புக்கு ஓர் எண், தாளுக்கு ஓர் எண்: 3/7/12 என்றால் மூன்றாம் பெட்டி, ஏழாம் கோப்பு, பன்னிரண்டாம் தாள். மென்மையான பென்சிலால் பின்பக்க மூலையில் அழுத்தாமல் எழுதுங்கள். பால் பாயின்ட் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். வழவழப்பான கலர் போட்டோவின் பின்னால் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள். பட்டியலில் எண், என்ன பொருள், யார் யாருக்கு எழுதியது, தேதி, ஊர், நிலைமை. தேதி ஊகம் என்றால் [1964?] என்று சதுர அடைப்புக்குள் போடுங்கள், உங்கள் ஊகத்தையும் அவர் எழுதியதையும் பிற்பாடு வருகிறவர் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடிதத்தையும் அதன் கவரையும் பிரிக்காதீர்கள், தேதியில்லாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் தேதி. ஸ்டாம்ப் சேர்க்கும் பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள்.

சுத்தம் செய்வது என்றால் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது, அவ்வளவுதான். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் காகிதமும் கூட வரும். தாளைத் திருப்பிப் போட்டு, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நுழைத்து, மழுங்கிய கத்தி முனையால் இரண்டு கால்களையும் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமிருந்து மெதுவாக எடுங்கள். துருவில் ஒட்டிக்கொண்டு பின் வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். ஜெம் கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். கிழிந்ததைச் செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள், சில வருடத்தில் டேப் கழன்றுவிடும், பழுப்பு நிறப் பிசின் மட்டும் காகிதத்தில் ஊறி நிற்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை லேமினேஷன். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், ஆனால் சூடும் பிசினும் சேர்ந்து காகிதத்தோடு ஒன்றிவிடும், பிறகு நிபுணரே வந்தாலும் பிரிப்பது பெரும்பாடு. ஃபேக்ஸ் தாள், வெப்பத்தில் அச்சாகும் பில் இருந்தால் அன்றைக்கே நகலெடுங்கள், அந்த எழுத்து தானாகவே வெளுத்துவிடும்.

ஸ்கெட்ச் புக்கிலிருந்து ஒரு தாளையும் கிழித்து எடுக்க விடாதீர்கள். தனித்தனியாகச் சட்டம் போட்டு விற்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் வருவார். ஒரு வடிவம் மூன்றாம் பக்கத்தில் மாடாக இருந்து ஒன்பதாம் பக்கத்தில் வெறும் கோடாக மாறியதைப் பார்க்க அந்தப் புத்தகம் முழுதாக இருக்க வேண்டும். கரித்துண்டு, பேஸ்டல் படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடக் கூடாது, நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். அமிலமற்ற வழவழப்பான தாளை இடையில் வைத்து, உரசாமல் படுக்கையாக வையுங்கள்.

மற்றவற்றுக்கு அமிலமற்ற கோப்பும் பெட்டியும்தான் சரி. விலை கொஞ்சம் கூடத்தான். முடியாவிட்டால் பருத்தியில் செய்த கைத்தாளை மடித்து உறையாக்கிக்கொள்ளலாம், கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் கட்டிவைக்கலாம். செய்தித்தாள் வெட்டுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும். போட்டோ, நெகட்டிவுக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை. பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி ஆல்பம் கூடாது.

எங்கே வைப்பது? பரணில் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர்கீழே சித்திரை வெயிலில் அது அடுப்பு. தரையிலும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். உள்ளறையில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவருக்கும் அலமாரிக்கும் இடையில் காற்று போக இடம் விட்டு. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடலோர ஊரில் இதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம் என்பது தெரிந்ததே, ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பதைவிட ஏசியே இல்லாமல் சீராக இருப்பது மேல், ஏறி இறங்குவதுதான் காகிதத்தைக் கெடுக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை எல்லாப் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போடும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த ஆவி மூடிய அறையில் வேலை செய்பவருக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். பூச்சி மருந்தைக் காகிதத்தின் மேல் அடிக்கவே கூடாது. இராமபாணப் பூச்சி அரித்த கட்டு என்றால், பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, நன்றாக ஒட்டி, மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு முழு நாள் பையைப் பிரிக்காமல் வைத்திருந்து அப்புறம் திறங்கள், இல்லையென்றால் காகிதத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். போட்டோக்களுக்கும் கண்ணாடி நெகட்டிவுக்கும் இந்த வைத்தியம் வேண்டாம். வெள்ளத்தில் நனைந்ததற்கும் ஃப்ரீசர்தான் நேரம் வாங்கித் தரும். 2015 டிசம்பரில் சென்னை பார்த்த மாதிரி ஒரு வெள்ளம் என்றால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், நூறு கடிதத்தை அதற்குள் காயவைக்க முடியாது. கொஞ்சம்தான் நனைந்தது என்றால் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள், வெயிலில் அல்ல.

ஸ்கேன் செய்வதைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில், டிஃப் (TIFF) கோப்பாக, வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்து. கோப்பின் பெயர் தாளின் எண்ணாகவே இருக்கட்டும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதி என்று எண்ணாதீர்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை: ஓவியர் வீட்டில் இருப்பவை அவருக்கு வந்த கடிதங்கள், அவர் எழுதியவை மற்றவர் வீடுகளில் இருக்கின்றன. வின்சென்ட் வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் தங்கியதற்குக் காரணம் தியோ அவற்றை எடுத்து வைத்ததும், 1891இல் தியோ இறந்த பிறகு கைக்குழந்தையோடு இருந்த மனைவி யோ அவற்றைக் காத்து, தேதியில்லாதவற்றுக்குத் தேதி கண்டுபிடித்து, 1914இல் அச்சில் கொண்டுவந்ததும்தான். தியோ அண்ணனுக்கு எழுதியவற்றில் நாற்பது போலத்தான் மிஞ்சியிருக்கின்றன. எனவே முகவரிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் போன் போடுங்கள். மூலத்தைக் கேட்காதீர்கள், ஸ்கேன் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார்கள்.

அந்தரங்கமான கடிதங்கள் வெளியே வரும், கட்டாயம் வரும். கடன், சண்டை, காதல். எரித்துவிடலாம் என்று குடும்பத்தில் ஒருவர் சொல்வார். ஓவியர் அம்ரிதா ஷேர்கில் 1938இல் திருமணத்துக்காக ஹங்கேரி போயிருந்தபோது அவருடைய பெற்றோர் அவர் கடிதங்களில் ஒரு பகுதியை எரித்துவிட்டார்கள், நேரு எழுதியவையும் அதில் போயின. எரிப்பதற்குப் பதிலாக ஒரு வழி இருக்கிறது: தனி உறையில் போட்டு ஒட்டி, இன்ன ஆண்டுவரை திறக்கக் கூடாது என்று எழுதிக் காப்பகத்தில் கொடுக்கலாம். இருபது, முப்பது ஆண்டு மூடிவைக்க ஒத்துக்கொள்வது காப்பகங்களுக்கு வழக்கமான விஷயம்தான்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. காகிதம் உங்களிடம் இருப்பதால் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. நண்பர் எழுதிய கடிதத்தின் பதிப்புரிமை நண்பருக்கும் அவர் வாரிசுகளுக்கும். இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இருக்கும்போதே வெளியான எழுத்துக்கு அவர் இறந்து 60 ஆண்டு வரை அது தொடரும், அவர் இறக்கும்வரை வெளிவராத கடிதம் என்றால் முதலில் வெளியாகி 60 ஆண்டு வரை. பணிக்கர் 1977இல் இறந்தார், அவர் இருக்கும்போது வெளியான எழுத்துக்கு 2037 முடிய உரிமை இருக்கிறது.

கடைசியில், யாரிடம் கொடுப்பது? சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் இங்கேயே வைத்ததால் உருவானது அது. ஹாங்காங்கில் 2000இல் தொடங்கிய ஆசிய கலை ஆவணக் காப்பகம் ஜோதி பட், கே.ஜி. சுப்ரமணியன் போன்ற பரோடா ஓவியர்களின் சேகரங்களை மின்வடிவமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த நிறுவனமாக இருந்தாலும் நேரில் போய், இதற்கு முன் வாங்கிய ஒரு சேகரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டுப் பிரிக்காமல் கிடந்தால் உங்களுடையதும் அப்படித்தான் கிடக்கும். நன்கொடையா, இரவலா, மின்வடிவம் மட்டுமா, பட்டியல் எப்போது முடியும், யார் பார்க்கலாம், ஸ்கேன் பிரதி குடும்பத்துக்கு வருமா, நிறுவனம் மூடப்பட்டால் பெட்டிகள் யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் போட்ட பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு பெட்டிகளை வண்டியில் ஏற்றலாம்.