லண்டன் போறாக்கள் நேரத்தை இப்பிடிக் கணக்குப் பாருங்கோ
டிக்கட்ல மத்தியானம் 1 மணிக்கு இலங்கையில கட்டுநாயக்கா எயார்போட்டால வெளிக்கிட்டு பின்னேரம் 7.30க்கு லண்டன்ல இறங்குது எண்டு இருந்தா ஆறரை மணித்தியாலம்தான் பறப்பு எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டும் அந்தந்த ஊர் நேரம், அங்க கோடைகாலத்தில எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால நிக்குது, அதையும் கூட்டினா 11 மணித்தியாலம். குளிர்காலமெண்டா வித்தியாசம் ஐந்தரை.

தூரத்தை வச்சும் பாக்கலாம். கட்டுநாயக்கால இருந்து லண்டன் ஹீத்ரோ எயார்போட் நேர்க்கோட்டில கிட்டத்தட்ட 8700 கிலோமீட்டர், பெரிய பிளேன் மணிக்கு 900 போகுமெண்டு வச்சுப் பிரிச்சுட்டு, ஏறி இறங்குறதுக்கு ஒரு முக்கா மணித்தியாலம் சேத்தா பத்தரை வரும். ஆனா போகேக்க கூட எடுக்கும், வரேக்க குறையும், ஏனெண்டா மேல காத்து மேற்கில இருந்து கிழக்கால பலமா அடிக்கும். டோஹா, துபாய் மாறிப் போறதெண்டா அங்க காத்திருக்கிற நேரம் வேற.

திருகோணமலை ஆக்கள் முக்கியமா எயார்போட்டுக்குப் போற நேரத்தையும் சேருங்கோ. ஹபரண, தம்புள்ள, குருநாகல் பக்கத்தால ரோட்டில வான் பிடிச்சுப் போனா ஆறு மணித்தியாலம் வச்சுக்கொள்ளுறது நல்லம், ராவில ஹபரணப் பக்கம் ரோட்டில யானை நிக்கும், அவசரப்பட்டு ஓடவே ஏலாது. பிளேன் வெளிக்கிட மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் அங்க நிக்கோணும், அப்ப 1 மணி பிளேனுக்கு விடிய 4 மணிக்கே வீட்டால வெளிக்கிடுங்கோ. வயசான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறாக்கள் முதல்நாளே நீர்கொழும்பில தங்குங்கோ, அதுதான் அவையளுக்குச் சுகம்.