நிதானமாக ஆடும் இணையச் செஸ்ஸுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

இணையத்தில் நிதானமாகச் செஸ் ஆட நாலு பேர் சேர்ந்துவிட்டீர்கள், வாட்ஸப் குரூப்பும் ரெடி, பெயர்தான் பாக்கி என்றால், தயவுசெய்து ‘ஸ்லோ செஸ்’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். காட்பாடி காலேஜ் பையன் அதை அரை மணி நேர ஆட்டம் என்று நினைத்து வருவான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர் ஒரு மூவுக்கு மூன்று நாள் கிடைக்கும் என்று வருவார். இருவர் நினைத்ததும் சரிதான், ஆனால் அவர்கள் சேர்ந்து ஆட முடியாது. பெயரைப் பார்த்ததுமே நேரம் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் வேலை, நேரத்தை முடிவு செய்வது. எல்லோரும் ஞாயிறு மாலை ஒன்றாக உட்கார முடியுமா? முடிந்தால் கிளாக் வைத்து ஆடுங்கள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்ப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் குரூப்பில் இருந்தால் அது நடக்காது, நாள் கணக்கு ஆட்டம்தான் ஒத்துவரும். செஸ் ஆடும் இணையத் தளங்களான லீசெஸ், செஸ் டாட் காம் இரண்டிலும் ஒரு மூவுக்கு 1 நாளிலிருந்து 14 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு 3 நாள் போதும் என்பது என் கருத்து. இருவரும் கடைசி நிமிடம் வரை இழுத்தால் 40 மூவ் ஆட்டம் 240 நாள் போகும், நிஜத்தில் யாரும் அவ்வளவு இழுப்பதில்லை, ஆனால் 14 நாள் கொடுத்தால் ஆட்டத்தையே மறந்துவிடுவார்கள்.

அடுத்தது நேரத்தைச் சொல்லும் வார்த்தை. இங்கேதான் நிறைய குழப்பம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆளுக்கு 30 நிமிட ஆட்டத்தை லீசெஸ் ‘கிளாசிக்கல்’ என்கிறது, செஸ் டாட் காம் ‘ரேபிட்’ என்கிறது, சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படியும் 60 நிமிடத்துக்குக் குறைந்தால் அது ரேபிட்தான். அதனால் டோர்னமெண்ட் ஆடிப் பழகிய ஒருவர் உங்கள் ‘கிளாசிக்கல்’ குரூப்புக்கு வந்தால் ஏமாந்துதான் போவார். ‘டெய்லி’ என்று வைத்தால் தினமும் ஆட வேண்டுமோ என்று பயந்து சிலர் வரவே மாட்டார்கள், செஸ் டாட் காமில் அந்தப் பெயருக்குள்தான் 14 நாள் ஆட்டமும் இருக்கிறது. ‘கரஸ்பாண்டன்ஸ்’ என்பது பழைய தபால் கார்டு செஸ்ஸிலிருந்து வந்த பெயர், லீசெஸ் நாள் கணக்கு ஆட்டத்தை இன்றும் அப்படித்தான் அழைக்கிறது. ஆனால் 1951இல் தொடங்கிய சர்வதேச கரஸ்பாண்டன்ஸ் செஸ் கூட்டமைப்பில் கம்ப்யூட்டர் இன்ஜின், அதாவது நல்ல மூவைக் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள், உதவியோடு ஆடுவது வழக்கம், லீசெஸ்ஸிலோ செஸ் டாட் காமிலோ அப்படி ஆடினால் தளம் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம்.

அதனால் வார்த்தையை விட்டு எண்ணைப் பிடியுங்கள். லீசெஸ்ஸில் நடக்கும் ‘4545’ லீக்கைப் பாருங்கள், 45 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 45 வினாடி கூடுதல், பெயரே விதியைச் சொல்லிவிடுகிறது. உங்களுடையது ‘30+30’ (30 நிமிடம், மூவுக்கு 30 வினாடி கூடுதல்) ஆகவோ ‘மூவுக்கு 3 நாள்’ ஆகவோ இருக்கட்டும்.

சரி, எண்ணோடு ஊர்ப்பெயரும் வேண்டும், இல்லாவிட்டால் நம்ம குரூப் என்ற எண்ணம் வராது. ‘கோட்டை’ என்று வைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், ராஜாவுக்குக் கோட்டை கட்டுகிற ஆட்டம், நம்ம வேலூரிலும் கோட்டை இருக்கிறது. நல்ல பெயர்தான், ஆனால் வேறு யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். ‘வேலூர்’ என்று மட்டும் வைத்தால், 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டைக்காரர்களும் திருப்பத்தூர்க்காரர்களும் தங்களைச் சேர்க்கவில்லையோ என்று நினைக்கலாம். ‘வட ஆற்காடு’ என்ற பழைய மாவட்டப் பெயர் பெரியவர்களுக்குப் பிடிக்கும், இந்தக் காலப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியாது. நான் ‘பாலாறு’ என்பேன், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு எல்லாமே அந்த ஆற்றை ஒட்டிய ஊர்கள். ‘பாலாறு செஸ், மூவுக்கு 3 நாள்’ போதும், கூட எதுவும் ஒட்ட வேண்டாம்.

பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்ஜின் கூடாது, ஓபனிங் (ஆட்டத் தொடக்க மூவ்கள்) புத்தகம் பார்க்கலாம். நாள் கணக்கு ஆட்டத்துக்கு இரண்டு தளங்களின் விதியும் இதுதான். கிளாக் வைத்து ஆடும் ஆட்டத்தில் புத்தகமும் கூடாது.

பிறகு செஸ் தெரிந்த, ஆனால் குரூப்பில் இல்லாத ஒருவரிடம் பெயரைக் காட்டி, ஒரு மூவுக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். தயங்கினால் பெயரை மாற்றுங்கள்.

ஆடுபவர்கள் தனித்தனியாக எடுக்கும் யூசர்நேமிலும் கவனம் வேண்டும். லீசெஸ்ஸில் அதை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும், பிறகு வேறு பெயருக்கு மாற்றவும் முடியாது. ‘ழ’ வரும் பெயர் என்றால் மற்றவர்கள் தேடும்போது எப்படி எழுதுவார்கள் என்று யோசித்து வையுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கினால் பிறந்த வருடம், பள்ளிப் பெயர், போன் நம்பர் எதுவும் அதில் வரக் கூடாது.