மஞ்சள் மீன் கறுத்துப்போனால்: ஆப்பிரிக்க சிக்லிட்களை இனம் கண்டு வளர்ப்பது

கடைகளில் 'கலப்பு ஆப்பிரிக்கன்' என்று விற்கப்படும் சிக்லிட் மீன்கள் பெரும்பாலும் மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழும் எம்புனா வகை. பெயர் தெரியாமல் அவற்றில் ஒன்றைக்கூட வாங்காதீர்கள். தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி, அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் வளரும் காலம், முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: இனம் காணுதல்

நான் முதலில் வாங்கியவை விரல் நீளத்தில் ஆறு மஞ்சள் குஞ்சுகள். சில மாதங்களில் அவற்றில் ஒன்று கறுக்கத் தொடங்கியது. நோய் என்று எண்ணி மருந்து ஊற்றினேன். அதற்குள் மற்ற ஐந்தும் வால் கிழிந்து ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டன. கறுத்தது ஆராட்டஸ் என்ற எம்புனா இனத்தின் ஆண். இந்த இனத்தில் குஞ்சும் பெண்ணும் மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். ஆண் முதிர்ந்தால் உடல் கறுத்துப் பட்டை வெளிறிவிடும்.

அதனால் நிறத்தை நம்பாமல் கோட்டைப் பாருங்கள். கண்ணிலிருந்து வால்வரை கறுப்புப் பட்டை நீளவாக்கில் ஓடினால் அது ஆராட்டஸ் போன்ற முரட்டு இனமாக இருக்கலாம், புதியவர்களுக்கு வேண்டாம். யெல்லோ லேப் என்ற எம்புனாவின் மஞ்சள் உடலில் அப்படிப் பட்டை ஓடாது; முதுகுத் துடுப்பில் மையால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. எம்புனாக்களில் இது சாது, தொடங்க ஏற்றது. மலாவி ஏரியின் இன்னொரு சிக்லிட் வகையான பீகாக்கின் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இரண்டு பீகாக் இனங்களைச் சேர்த்து வைத்தால் கலப்பினக் குஞ்சுகள்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: நீர்

தாது உப்புகள் மிகுந்த கடின நீர் வேண்டும். பி.எச். (அமில-கார அளவு) 7.8 முதல் 8.6 வரை, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். பி.எச். குறைந்தால் நொறுக்கிய பவளத்தை ஒரு பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். பி.எச். உயர உயர அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். ஆகவே இவற்றைத் துல்லியமாக அளக்கச் சோதனைத் தாளை விட்டுவிட்டுத் திரவச் சோதனைப் பெட்டியையே வாங்குங்கள்.

மூன்றாம் படி: பாறை

முதலில் பாறை, பிறகுதான் மணல். இந்த மீன்கள் மணலை வாயால் அள்ளித் துப்பிக் குழி பறிக்கும். மணல்மேல் நிற்கும் பாறை ஒருநாள் சரிந்து மீனை நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும்.

நான்காம் படி: எண்ணிக்கையும் உணவும்

200 லிட்டருக்குக் குறையாத தொட்டி. ஓர் ஆணுக்கு மூன்று பெண். எம்புனாக்களில் பெரும்பாலானவை பாறைப் பாசியைச் சுரண்டித் தின்பவை. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த உணவு போதும். புரதம் மிகுந்த உணவை வாரிப்போட்டால் வயிறு வீங்கிச் சாகும் ஆபத்து உண்டு.

பிற்சேர்க்கை: பெண் மீன் தாடை புடைத்துப் பட்டினி கிடக்கிறது, என்ன மருந்து என்று இருவர் கேட்டிருந்தார்கள். மருந்து வேண்டாம். அது முட்டைகளை வாயில் அடைகாக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் குஞ்சுகளை வெளியே விடும். அதுவரை தொட்டிக்குள் கையையோ வலையையோ விடாதீர்கள். மிரண்டால் முட்டைகளைத் துப்பிவிடும்.