வெல்டிங் மெஷின் மக்கர் பண்ணினால் முதலில் கேபிளைத் தொட்டுப் பாருங்கள்

பெங்களூரு பீனியாவில் எங்கள் ஷெட்டில் ஓடுவது 400 ஆம்பியர் மிக் மெஷின்கள், அதாவது ஒயரைத் தானாக ஊட்டி, காற்றுப் படாமல் கேஸ் பாதுகாப்பில் வெல்ட் அடிப்பவை. போன வருஷம் ஒன்றில் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) விட்டு விட்டு வந்தது. சர்வீஸுக்கு வந்தவர் கன்ட்ரோல் போர்டை மாற்றினார், இரண்டே நாளில் மறுபடி அதே கதை. கடைசியில் தர்மபுரிப் பையன் ஒருவன்தான், "அண்ணே, எர்த் கேபிள்ல கை வைக்க முடியல, கொதிக்குது" என்றான். வெல்ட் அடிக்கும் இரும்பிலிருந்து கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் கேபிள் அது. அதன் நுனியில் மாட்டிய உலோகத் துண்டான லக்கைக் கழற்றினால் செம்பு இழைகள் பாதி கறுத்து, தொட்டதும் உதிர்ந்தன. அந்த முனையை வெட்டிவிட்டுப் புது லக் போட்டு நன்றாக நசுக்கி கிரிம்ப் செய்தோம், ஆர்க் சீராகிவிட்டது. போர்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

கணக்கு எளிது. லூசான ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 300 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே போய்விடும், 900 வாட் சூடாக மாறும், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியை லக்குக்குள் வைத்த மாதிரி. அதனால் பத்து நிமிஷம் வெல்ட் அடித்துவிட்டு, டிரிக்கரை விட்டு வெல்டிங் கன்னை ஓரமாக மாட்டிய பிறகு, ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட எது சூடோ அதுதான் கோளாறு. எர்த் கிளாம்ப்பைப் பெயின்ட் மேலேயோ துரு மேலேயோ கடிக்க விடாதீர்கள், கிரைண்டரால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கிளாம்ப்புக்கும் வெல்டுக்கும் நடுவில் பேரிங் இருந்தால் கரண்ட் அதன் வழியாகப் போய் பேரிங்கையும் கெடுக்கும்.

அடுத்தது ஒயர் வழி. ஒயர் திக்கினால் எல்லோரும் ஒயரைத் தள்ளும் ஃபீடர் ரோலரைத்தான் இறுக்குவார்கள், அது தப்பு, இறுக்க இறுக்க ஒயரின் செம்புப் பூச்சு சுரண்டிப் பொடியாகி, ஒயர் போகும் குழாயான லைனருக்குள் போய் அடைக்கும், அப்புறம் இன்னும் இறுக்க வேண்டிவரும். 15 கிலோ ஸ்பூல் மாற்றும் ஒவ்வொரு தடவையும், கன் நுனியில் ஒயர் வெளிவரும் டிப்பைக் கழற்றி, லைனரில் காய்ந்த காற்று அடியுங்கள். டிப்பின் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கேஸ் 1.2 எம்எம் ஒயருக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 15 லிட்டர் போதும். அதிகம் திறந்தால் சுழல் உண்டாகி வெளிக்காற்றையும் இழுத்து வந்து வெல்டில் பொத்தல் விழும்.

மெஷினின் உயிரை எடுப்பது கிரைண்டிங் தூசி. அது இரும்புத்தூள், கரண்ட் கடத்தும், ஃபேன் அதை உறிஞ்சி நேராக போர்டு மேல் படிய வைக்கும். மெஷினையும் கிரைண்டரையும் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை, தூசி அதிகமான ஷெட்டில் இன்னும் சீக்கிரமாக, உள்ளே ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு முன் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூசியோடு ஈரமும் போர்டில் ஒட்டிக்கொள்ளும். பிரஷரைக் குறைத்து, ஃபேன் இறக்கை சுற்றாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

டியூட்டி சைக்கிளையும் மதியுங்கள். 400 ஆம்பியரில் 60% என்று மெஷினின் பிளேட்டில் இருந்தால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம்தான் வெல்ட். நிற்காமல் அடிக்க வேண்டிய வேலையென்றால் 310 ஆம்பியருக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அவசர டெலிவரி என்று இதை மீறித்தான் பல மெஷின்கள் எரிகின்றன. வேலை முடிந்ததும் பட்டென்று அணைக்காமல் ஐந்து நிமிஷம் ஃபேன் ஓடட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 415 வோல்ட் மூன்று பேஸ், இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷினுக்குள் டிசியாக மாறும்போது 580 வோல்ட்டைத் தாண்டும், மெயினை அணைத்த பிறகும் அது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.