வீட்டு வயரிங்கில் கை வைக்கும் முன்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மாரி தொடங்கினால் பல வீடுகளில், கறண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ட்ரிப் சுவிச் விழத் தொடங்கும். பெரும்பாலும் கிணற்றடி மோட்டரின் வயரிலோ வெளிலைற்றின் ஹோல்டரிலோ ஈரம் ஏறியிருக்கும். அதைத் தேடாமல் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் குடாநாட்டில் இதைவிட மோசமான கைவேலை கிடையாது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கசியும் கறண்டை மண்ணுக்குள் இறக்கும் வழிதான் எர்த். இலங்கையில் வீட்டுக்கு அதை மின்சாரம் வழங்கும் நிறுவனம் தருவதில்லை. நாங்கள் இறக்கும் செப்புக் கம்பிதான் எர்த். இங்கே பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே சுண்ணாம்புக்கல் முட்டும். கம்பி இறங்காவிட்டால் மிச்சத்தை வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். கோடையில் அந்த மேல்மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறிவிடும். தடை 50 ஓம் என்று வையுங்கள். மோட்டரின் உடம்பில் லைவ் முட்டினால் 230ஐ 50ஆல் பிரிக்க வருவது 4.6 அம்பியர். ஓர் அயன்பெட்டி இழுக்கும் அளவுதான். கறண்ட் அளவுக்கு மிஞ்சினால் மட்டும் விழும் 16 அம்பியர் எம்.சி.பி அதற்கு அசையாது. மோட்டரின் இரும்பு உடம்பு ஏறக்குறைய முழு வோல்ற்றோடும் நிற்கும், ஈரக்காலோடு தொடுபவருக்காக. 30 மில்லியம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிச் ஒன்றுதான் அங்கே காவல்.

கல் முட்டினால் கம்பியை வெட்டாமல் வேறிடத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். அல்லது இரண்டு மூன்று கம்பிகளை, ஒன்றுக்கொன்று கம்பியின் நீளமளவாவது தள்ளி இறக்கி, ஒன்றாக இணைக்க வேண்டும். கிளாம்பை மண்ணுக்குள் புதைக்காமல் சிறு குழியில் கண்ணில் படும்படி விடுங்கள்.

ட்ரிப் விழுந்தால் முதலில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். எம்.சி.பியை இறக்கினால் மட்டும் போதாது: வீடுகளில் உள்ள ஒற்றை எம்.சி.பி லைவ் வயரை மட்டுமே வெட்டும், நியூட்ரல் எர்த்தில் முட்டியிருந்தால் ட்ரிப் மறுபடி விழும். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எல்லாம் கழன்றிருந்தும் விழுந்தால் பிழை வயரிங்கிலோ அதோடு நேராக இணைத்த மோட்டர், லைற்றிலோ இருக்கலாம். அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. ட்ரிப் சுவிச்சில் உள்ள 'T' என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவது நல்ல பழக்கம். ஆனால் அது சுவிச்சைத்தான் சோதிக்கும், எர்த் கம்பி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

2022இன் நீண்ட மின்வெட்டுகளோடு ஜெனரேற்றர்கள் பெருகின. இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரால் அதை வீட்டுச் சொக்கெற்றில் சொருகுவது இரண்டு வகையில் கொல்லும். கழன்ற பிளக்கின் ஊசிகளில் 230 வோல்ற் வெறுமனே நிற்கும். மெயினை இறக்க மறந்தால் அந்தக் கறண்ட் வீதி லைனில் ஏறி, ட்ரான்ஸ்போமர் வழியாகத் தலைகீழாக 11,000 அல்லது 33,000 வோல்ற்றாகும், லைன் நிறுத்தப்பட்டதென்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்பவருக்கு. லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வீதி லைனிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சேன்ஜ்ஓவர் சுவிச் இல்லாமல் ஜெனரேற்றரை வயரிங்கோடு இணைக்கவே கூடாது.

இலங்கையின் நியமப் பிளக் 13 அம்பியர் சதுர ஊசிப் பிளக். பழைய வட்ட ஊசி 5, 15 அம்பியர் வகைகளை அது கழித்துவிட்டது. இரண்டு ஊசிப் பிளக்கைச் சொருக மேல் துளையில் பேனாமூடியைக் குத்துவது எர்த்தையே இல்லாமல் செய்யும். 700 வாற்றுக்கு உட்பட்ட சாதனத்துக்குப் பிளக்கினுள் 3 அம்பியர் பியூஸ் போதும். 13ஐப் போட்டால் பியூஸுக்கு முன் மெல்லிய வயர் எரியும்.

லைற்றுக்கு இழுத்த மெல்லிய 1/1.13 (1 சதுர மில்லிமீற்றர்) வயரிலிருந்து கேற்றிலுக்குப் பொயின்ற் எடுப்பதும் இதே கதைதான். சொக்கெற்றுக்கு 7/0.67 (2.5 சதுர மில்லிமீற்றர்) வேண்டும்.

பல்பு மாற்றலாம், கழற்றிய பிளக்கைப் பூட்டலாம், பியூஸ் மாற்றலாம். மீற்றரும் அதற்கு முந்திய வயரும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையவை. மீற்றரின் சீல் முத்திரையை உடைப்பது குற்றம். புது லைன், புது போர்ட் எல்லாம் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள எலக்ரீசியனின் வேலை. காசு கொடுக்குமுன் எர்த் தடை எத்தனை ஓம், 500 வோல்ற் இன்சுலேஷன் சோதனையில் ஒரு மெகா ஓமுக்கு மேல் வந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கருவி இல்லை என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.